ஸ்டென்ட் வைத்த அப்பா ஃப்ளூ ஊசி வேண்டாம் என்கிறார், என்ன செய்வது?

கேள்வி: டாக்டர், நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 68. பதினைந்து வருஷமாகச் சுகர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தோம். அம்மாவுக்கு ஆஸ்துமா. தங்கை ஐந்து மாதக் கர்ப்பம். அடுத்த மாதமே பிரசவத்துக்காக இங்கே வந்துவிடுவாள், இரண்டரை வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு. மழைக்கு முன்னால் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி போட்டுவிடலாம் என்றால் அப்பா ஒரேயடியாக மறுக்கிறார். "எதிர்வீட்டுக்காரர் போன வருஷம் போட்டுக்கிட்டார், தீபாவளிக்குக் காய்ச்சல்ல படுத்தார். அதுவும் ஹார்ட் பேஷண்டுக்கு ஊசியா?" என்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேறு சாப்பிடுகிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? ஊசியை எப்போது, எங்கே போடுவது?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் நான்கு பேருமே ஃப்ளூ வந்தால் சாதாரணக் காய்ச்சலோடு தப்பித்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாதவர்கள். அவர்களில் முதலில் போட்டுக்கொள்ள வேண்டியவர், வேண்டாம் என்கிற உங்கள் அப்பாதான்.

"ஹார்ட் பேஷண்டுக்கு ஊசியா" என்று அவர் கேட்பதில் ஆச்சரியமில்லை. கொரோனாவுக்குப் பிறகு என் கிளினிக்கிலும் இதை அடிக்கடி கேட்கிறேன். யாராவது திடீரென்று இறந்துபோனால் "எல்லாம் அந்த ஊசியால்தான்" என்று சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்துவிடுகிறது. அந்த வாக்குவாதத்துக்குள் நீங்கள் இறங்காதீர்கள். ஜெயித்தாலும் அப்பா ஊசிக்குக் கையைக் காட்டப் போவதில்லை. ஃப்ளூ ஊசி வேறு, கொரோனா ஊசி வேறு என்பதை மட்டும் சொல்லுங்கள். ஃப்ளூ ஊசி 1940களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. இதய நோயாளிகள் விஷயத்தில் ஆய்வுகள் காட்டுவது அவருடைய பயத்துக்கு நேர் எதிரானது.

ஃப்ளூ வைரஸ் மூக்கு, தொண்டை, நுரையீரலில்தான் பெருகுகிறது. ஆனால் அதை எதிர்த்து உடம்பு கிளப்பும் அழற்சி ரத்தக் குழாய் முழுக்கப் பரவும். குழாய்ச் சுவரில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு அந்தச் சமயத்தில் வெடிக்கலாம். ரத்தமும் வழக்கத்தைவிட எளிதாக உறையும். காய்ச்சலால் நாடித்துடிப்பு கூடி, இதயம் அதிக ஆக்சிஜன் கேட்கும். சளி கட்டிய நுரையீரலால் அதைக் கொடுக்க முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைப் போல் சுமார் 6 மடங்கு இருந்தது.

இன்னொரு ஆய்வு உங்கள் அப்பாவுக்காகவே செய்தது மாதிரி இருக்கும். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும், ஆபத்து அதிகமுள்ள சில இதய நோயாளிகளுமாக 8 நாடுகளில் 2,571 பேர். நம் பக்கத்து நாடான வங்கதேசமும் அதில் உண்டு. பெரும்பாலும் ஸ்டென்ட் வைத்த கையோடு, மூன்று நாட்களுக்குள், பாதிப் பேருக்கு ஃப்ளூ ஊசியும் மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர் ஊசியும் போட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், உப்பு நீர் போட்டவர்களில் நூற்றுக்கு 5 பேர் அளவில் இறந்திருந்தார்கள்; ஃப்ளூ ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 3 பேர் அளவில். 2021இல் வந்த முடிவு இது. மாரடைப்பு வந்த வாரத்திலேயே போட முடிந்த ஊசி, இரண்டு வருஷம் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவருக்கு ஆகாதா?

சுகரையும் சேர்த்துப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் ரத்தச் சர்க்கரை எகிறும். அதே நேரத்தில் வாய்க்கு ருசி இல்லாமல் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வார். மாத்திரையைப் போடுவதா விடுவதா என்று குழப்பம் வரும். நிமோனியாவாக முற்றுவதும் சுகர் உள்ளவர்களுக்குத்தான் அதிகம். (காய்ச்சலென்றதும் அம்மா சுக்கு மல்லிக் காப்பி போட்டுக் கொடுப்பார். கொடுக்கட்டும். ஆனால் அதில் தட்டிப் போடும் பனைவெல்லமும் சர்க்கரைதான். நிலவேம்புக் குடிநீர் குடித்தாலும் ஊசிக்கு அது மாற்று ஆகாது.)

சரி, எதிர்வீட்டுக்காரர் விஷயம். அவர் பொய் சொல்லவில்லை. ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் சுற்றுவது ஃப்ளூ மட்டுமல்ல. டெங்கு உண்டு, தேங்கிய தண்ணீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் உண்டு, சாதாரணச் சளி வைரஸ்கள் ஒரு டஜன் உண்டு. இவை எதையும் ஃப்ளூ ஊசி தடுக்காது. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். தீபாவளிக்கு முதல் வாரம் போட்டுக்கொண்டு தி.நகர் கூட்டத்துக்குள் புகுந்து வந்திருந்தால் ஊசியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நிஜமாகவே ஃப்ளூவாகவும் இருந்திருக்கலாம். ஊசி அந்த வருஷத்து வைரஸோடு நன்றாகப் பொருந்தினாலும், ஃப்ளூவுக்காக டாக்டரிடம் போக வேண்டிய வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கிறது. நூறு சதவீதம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது தப்பு. ஆனால் எதிர்வீட்டுக்காரர் தீபாவளிக்கு வீட்டில்தானே படுத்திருந்தார்? ஆஸ்பத்திரி வரை போகாமல், ஐ.சி.யூ.வைப் பார்க்காமல் எழுந்துவிட்டாரே. நம் வயதானவர்களுக்கு இந்த ஊசியைப் போடச் சொல்வதே அதற்காகத்தான். ஊசியால் காய்ச்சல் "வந்துவிடும்" என்ற பயமும் வேண்டாம். அதில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ், நோயை உண்டாக்க முடியாது. கை வலி, லேசான ஜுரம், உடம்பு வலி ஓரிரு நாள் இருக்கலாம்.

இதையெல்லாம் நீங்கள் அப்பாவிடம் ஒப்பித்தால் அவர் சம்மதிப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். பிள்ளை எடுத்துச் சொல்லி மனசு மாறும் அப்பாக்கள் குறைவு. ஸ்டென்ட் வைத்த டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் கதை வேறு. அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். அப்பா அந்தத் துணிக்கடைப் பையிலிருந்து ஈ.சி.ஜி., எக்கோ, பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்து மேஜை மேல் வைப்பார் இல்லையா, அப்போதே கேளுங்கள்: "டாக்டர், அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி எழுதித் தர்றீங்களா?" கூட்டமான ஓ.பி.யில் அவராக நினைவு வைத்துச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். பி.பி., சுகர், கொழுப்பு, மாத்திரை என்று பார்த்து முடிப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். வாயால் சொன்னால் போதாது, மருந்துச் சீட்டில் எழுதி வாங்குங்கள். காலை மாத்திரை, ராத்திரி மாத்திரைக்குக் கீழே ஐந்தாவது வரியாக ஊசியும் இருந்தால் அது அவருக்கு "மருந்து" ஆகிவிடும். நீங்கள் செல்போனில் படித்துவிட்டுச் சொல்லும் விஷயமாக இருக்காது. அங்கேயே ஊசி இருந்தால் அன்றைக்கே போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். "அடுத்த வாரம் வர்றோம்" என்று கிளம்பியவர்கள் பெரும்பாலும் அடுத்த வருஷம்தான் வருகிறார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் பேரக்குழந்தையைச் சொல்லுங்கள். பிறக்கப் போகிற குழந்தைக்கு ஆறு மாதம் முடியும்வரை ஃப்ளூ ஊசி போட முடியாது. வீட்டில் அதைத் தூக்கிக் கொஞ்சப் போகிறவர்களுக்கு ஃப்ளூ வராமல் இருப்பது அதற்கும் ஒரு பாதுகாப்பு. தனக்கென்றால் வீம்பு பிடிக்கிற தாத்தாக்கள் இந்த இடத்தில் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் "போடலேன்னா செத்துப் போயிடுவீங்க" என்கிற மாதிரி மட்டும் பேசாதீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை ஊசிக்குத் தடையில்லை. ஊசி போட வேண்டும் என்று அதை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் தானாக அதை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து. போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெல்லிய ஊசியாகப் பார்த்துப் போட்டு, இடத்தைத் தேய்க்காமல் பஞ்சால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும். முன்பு ஃப்ளூ ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர் போட்டுக்கொள்ளக் கூடாது. ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரே என்ற, கை கால் செயலிழக்கும் நரம்பு நோய் வந்தவர் டாக்டரிடம் பேசாமல் போடக் கூடாது. நல்ல ஜுரம் அடிக்கும் நாளில் தள்ளிப்போடலாம். லேசான மூக்கொழுகல் ஒரு காரணமே இல்லை. முட்டை ஒவ்வாமையும் இப்போது தடையாகக் கருதப்படுவதில்லை.

எப்போது? வடக்கே பல ஊர்களில் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் ஃப்ளூ உச்சம் தொட்டுவிடும். சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் நவம்பரில்தான் கூடுதல். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள், அதாவது புரட்டாசி பாதிக்குள் போட்டுக்கொள்வது நல்லது. தவறினால் மழை தொடங்கிய பிறகும் போடலாம், போடாமல் விடுவதைவிட மேல். உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த வகை வைரஸ்களை ஊசியில் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. அதனால் அட்டைப்பெட்டியை வாங்கிப் பாருங்கள். எந்த வருஷத்துக்கான ஊசி என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். காலாவதித் தேதி மட்டும் பார்த்தால் பத்தாது. கிடைப்பதில் புதிய வருஷத்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்று வகை வைரஸுக்கான ஊசியா நான்கு வகைக்கானதா என்று தேடி அலைய வேண்டாம். நான்காவதான பி யமகட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. எதிர்ப்புச் சக்தி மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வருவதாலும் வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதாலும் அடுத்த வருஷமும் போட வேண்டும். அப்பாவுக்கு நிமோனியா ஊசி போட்டிருக்கிறதா என்றும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில், கைக்கு ஒன்றாகப் போடலாம்.

தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. அதனால் பெரும்பாலும் தனியார் கிளினிக், ஆஸ்பத்திரிதான். பிராண்டைப் பொறுத்து ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய் என்று வரும். குடும்பத்தோடு போட்டால் கையைக் கடிக்கும் தொகைதான், மறுக்கவில்லை. பணம் ஒருவருக்குத்தான் இருக்கிறதென்றால் அப்பாவுக்குப் போடுங்கள், அப்புறம் தங்கைக்கு. ஸ்டாக் இருக்கிறதா என்று போன் செய்துவிட்டுப் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் போடுவதை நான் விரும்புவதில்லை. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியது. கடையில் ஒரு பாலித்தீன் பையில் ஐஸ் பாக்கெட்டோடு கொடுப்பார்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து, கிளினிக்கில் டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஐஸ் தண்ணீராகியிருக்கும். சிலர் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டு ஃப்ரீசரில் வைக்கிறார்கள். உறைந்துபோன ஊசியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அம்மாவுக்கு ஊசியோடு, தினம் எடுக்கும் இன்ஹேலரை மழைக்காலத்தில் விடாமல் எடுக்க வைப்பதும் முக்கியம். ஃப்ளூ வந்த பிறகு ஆஸ்துமாக்காரர்களுக்கு வீசிங்கை அடக்குவது மிகவும் கஷ்டம். தங்கைக்குக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து முதல் சில மாதங்கள் காக்கும். மூக்கில் விடும் உயிர் வைரஸ் மருந்து மட்டும் கர்ப்பிணிக்குக் கூடாது, ஊசிதான். பையனுக்கு இதுதான் முதல் தடவை என்றால் நான்கு வாரம் இடைவெளி விட்டு இரண்டு டோஸ் வேண்டும். ஆகவே அவன் இங்கே வந்து சேரும்வரை காத்திருக்காமல், இருக்கிற ஊரிலேயே முதல் டோஸை முடித்துவிடச் சொல்லுங்கள். ஊசி போட்ட எல்லோரும் பதினைந்து இருபது நிமிஷம் அங்கேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்பட்டும்.

ஊசி போட்ட பிறகும் மழைக்காலத்தில் அப்பாவுக்கோ தங்கைக்கோ ஜுரம், இருமல், உடம்பு வலி ஒன்றாக வந்தால் மூன்றாம் நாள்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அதை டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்குவது, பேச்சு குழறுவது, விட்ட ஜுரம் இருமலோடு திரும்ப வருவது, இவற்றில் எது வந்தாலும் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் நேராக எமர்ஜென்சி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108.