டர்போ மாற்றுவதற்குத் தனிநபர் கடன் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறேன், வயது 33. கைக்கு வரும் சம்பளம் மாதம் 95,000 ரூபாய். பெற்றோரையும் சேர்த்துக் குடும்பச் செலவு 62,000 ரூபாய். வைப்புநிதியில் 2,40,000 ரூபாய் உள்ளது. என்னிடம் இருக்கும் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 காரில் ஐஎஸ்20 டர்போவை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பிச் சக்தியைக் கூட்டும் பாகம்) எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய ஐஎஸ்38 பொருத்த, எஞ்சின் கணினியின் மென்பொருள் மாற்றத்துடன் 5 லட்சம் ரூபாய் ஆகும் என்று பட்டறையில் கூறுகிறார்கள். வங்கி 14 சதவீத வட்டியில் மூன்றாண்டுக் கடன் தர முன்வந்துள்ளது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்தக் காரின் மீது நீங்கள் வைத்திருக்கும் பற்று எனக்குப் புரிகிறது. அதனால்தான் கணக்கை முழுமையாகச் சொல்கிறேன்.

5 லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 17,090 ரூபாய். மூன்றாண்டில் வட்டி மட்டும் 1,15,000 ரூபாயைத் தாண்டும். மாதம் மிஞ்சும் 33,000 ரூபாயில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். உங்கள் வைப்புநிதியோ நான்கு மாதச் செலவுக்குக்கூட முழுதாகப் போதாது.

ஆனால் இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, 5 லட்சம் என்ற மதிப்பீடே முழுமையானதாகத் தெரியவில்லை என்பதுதான். ஐஎஸ்38 என்பது 300 குதிரைத்திறன் கொண்ட கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3 ஆகிய கார்களுக்கு நிறுவனமே பொருத்திய டர்போ. உங்கள் காரோ 230 குதிரைத்திறனுக்கும் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கும் திட்டமிடப்பட்டது. டர்போ பெரிதாகும்போது இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்), ஸ்பார்க் பிளக் எல்லாம் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கும். முறுக்குவிசை கூடினால் டிஎஸ்ஜி எனும் தானியங்கி கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகள் வழுக்கத் தொடங்கலாம். அதன் செலவு உங்கள் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பட்டறையில் எழுத்தில் கேளுங்கள். எரிபொருளும் உண்டு. கூடிய சக்திக்கு ஆக்டேன் உயர்ந்த, அதாவது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் பெட்ரோல் வேண்டியிருக்கும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்திய 100 ஆக்டேன் பெட்ரோல் எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை, விலையும் மிக அதிகம். ஆக்டேன் குறைந்த பெட்ரோலை ஊற்றினால், எஞ்சினில் நாக்கிங் (அப்படித் தானாக வெடிப்பது) வராமல் தடுக்க, கட்டுப்பாட்டுக் கணினி தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்தும். அப்போது நீங்கள் விலை கொடுத்து வாங்கிய சக்தியில் ஒரு பகுதி சக்கரத்துக்கு வந்து சேராது, கடன் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வரும்.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு உரிமையாளர் ஆறு மாதம் வரை சிறையையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதத்தையோ, இரண்டையுமோ எதிர்கொள்ள நேரலாம். அபராதத் தொகை சிறியதுதான். காப்பீட்டில் வரும் இழப்பு அப்படியல்ல. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் எஞ்சினை மாற்றிவிட்டு விபத்தில் சிக்கினால், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அப்போது காரும் இருக்காது, கடன் மட்டும் இருக்கும். விற்கும்போதும் இந்த 5 லட்சம் திரும்ப வருவது அரிது. பெரும்பாலானவர்கள் மாற்றியமைத்த எஞ்சினைக் கண்டு விலையைக் குறைத்தே கேட்பார்கள்.

நான் சொல்லும் வழி இது. அவசர நிதியை ஆறு மாதச் செலவான 3,72,000 ரூபாய்க்கு உயர்த்துங்கள். குறையும் 1,32,000 ரூபாயை இப்போதைய மிச்சத்திலேயே நான்கு மாதத்தில் சேர்த்துவிடலாம். பெற்றோரின் மருத்துவக் காப்பீடு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அலுவலகத்தின் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பியிருந்தால், வேலை மாறும் நாளில் அது உங்களோடு வராது. ஆகவே தனிப் பாலிசியை இப்போதே எடுங்கள், அதற்கான பிரீமியம் காரைவிட முந்தியது.

வேகத்தின் மீதுள்ள ஆசைக்கு உங்கள் ஊரிலேயே இடம் இருக்கிறது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. எஞ்சினைத் தொடாமல் நல்ல டயர், பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில் ஆகியவற்றுக்குச் செலவு செய்து, பொதுமக்களுக்கு அனுமதி தரும் நாட்களில் அங்கே ஓட்டிப் பாருங்கள். ஆர்எஸ் 230 இப்போதிருக்கும் நிலையிலேயே பெரும்பாலான ஓட்டுநர்களின் திறனைவிட வேகமானது என்பது என் உறுதியான எண்ணம். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றின்போது நேரும் சேதத்தை வழக்கமான வாகனப் பாலிசி ஏற்காது என்பதை மட்டும் மறவாதீர்கள்.

ஐந்தாம் மாதத்திலிருந்து மாதம் 15,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போடுங்கள். 6.5 சதவீத வட்டி கிடைத்தால் இரண்டாண்டில் ஏறக்குறைய 3,85,000 ரூபாய் கையில் இருக்கும். அன்றும் டர்போதான் வேண்டும் என்று தோன்றினால், இந்தக் காரைச் சாலையிலிருந்து விலக்கிப் பந்தயத் தளத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள். முடியாதென்றால், அதே பணம் இன்னும் சக்தி வாய்ந்த ஒரு காருக்கு முன்பணமாகும்.