ஜூஸ் என்று சொல்லாதீர்கள்

கேள்வி: என் மகன் ஜார்ஜியா நாட்டில், திபிலீசியில் மருத்துவம் படித்து முடிக்கிறான். பட்டமளிப்பு விழாவுக்கு நானும் மனைவியும் போகிறோம். அவன் ஆறு வருடமாகக் குடியிருக்கும் வீட்டின் அம்மா, தங்கள் வீட்டிலேயே போட்ட ஒயினை ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் தருகிறேன் என்கிறார். வாங்காவிட்டால் வருத்தப்படுவாராம். "யாராவது கேட்டால் திராட்சை ஜூஸ் என்று சொல்லிவிட்டு, சுங்கத்தில் சொல்ல எதுவும் இல்லாதவர்கள் போகும் கிரீன் சேனலில் வந்துவிடுங்கள்" என்கிறார் என் மைத்துனர். கொண்டுவரலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஒயின் கொண்டுவரலாம். அந்தக் கேன் வேண்டாம். ஜூஸ் என்ற பேச்சே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஆளுக்கு இரண்டு லிட்டர் மது வரியில்லாமல் கொண்டுவரலாம். ஒயினும் அந்தக் கணக்கில்தான் சேரும். வழக்கமான ஒயின் பாட்டில் 750 மில்லி. மூன்று பாட்டில் வாங்கினால் 2.25 லிட்டர், அளவு தாண்டிவிடும். இரண்டு பாட்டிலும் 375 மில்லி அரை பாட்டில் ஒன்றும் வாங்கினால் சரியாக அடங்கும். நீங்களும் உங்கள் மனைவியும் அவரவர் பங்கை அவரவர் பெட்டியில் வையுங்கள். அதற்கு மேல் ஆசையிருந்தால் ரெட் சேனலுக்குப் போய், இருப்பதைச் சொல்லி வரி கட்டுங்கள். ஒயின் விலையைவிட வரி கூடுதலாக இருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மைத்துனர் சொல்வது உதவியே இல்லை. பெட்டியில் என்ன இருக்கிறது என்பதைப் பயணியே சொல்ல வேண்டும் என்கிறது 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. மூடியைத் திறந்தால் வாசனையே சொல்லிவிடும். பொருளும் போகும், அபராதமும் வரும். மகன் டாக்டரான சந்தோஷத்தோடு திரும்பி வருகிறீர்கள். அந்த நாளில் ஒரு மேசை முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டுமா?

சட்டத்தை விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. திபிலீசிக்குத் தெற்கே கிடைத்த, ஏறத்தாழ 8000 வருடம் பழமையான பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் தடயம் இருந்ததை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த ஊரில் இன்றும் முட்டை வடிவப் பெரிய மண்சாடியைக் கழுத்துவரை பூமியில் புதைக்கிறார்கள். க்வெவ்ரி என்று பெயர். உள்ளே தேன்மெழுகு பூசியிருக்கும். திராட்சையைத் தோலோடும் விதையோடும் அதில் இட்டு மாதக்கணக்கில் மூடிவைக்கிறார்கள். அதனால் வெள்ளைத் திராட்சையில் போட்ட ஒயின்கூடத் தேன் நிறத்தில் வரும். இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அறுவடை என்றால் வீடே கூடி வேலை செய்யும். அப்படிப்பட்ட ஊரில், வெளிநாட்டுப் பையனை ஆறு வருடம் வீட்டில் வைத்திருந்த அம்மா, தன் வீட்டு ஒயினைக் கொடுக்கிறார். அதை வேறு பெயர் சொல்லி ஒளித்துக் கொண்டுவருவது அவருக்குச் செய்யும் மரியாதையா?

கேனை வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. வீட்டு ஒயினில் பெரும்பாலும் கெடாமல் இருக்க எதுவும் சேர்ப்பதில்லை. கொஞ்சம் இனிப்பு மீந்திருந்தாலும் சூட்டில் மறுபடி நுரைக்கும். கேன் உப்பும், மூடி இளகும், மீதியைப் பெட்டியிலிருந்து பிழிய வேண்டியதுதான். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "உங்கள் ஒயினை உங்கள் மேசையில் உட்கார்ந்து குடிக்கிறோம். ஒரே ஒரு கண்ணாடி பாட்டிலில் நிரப்பி, நன்றாகக் கார்க் அடித்துக் கொடுங்கள்." வருத்தப்பட மாட்டார். விருந்தே வைப்பார். அந்த விருந்துக்கு சுப்ரா என்று பெயர். அதில் ஒவ்வொரு கோப்பைக்கும் முன்னால் ஒருவர் எழுந்து வாழ்த்துச் சொல்வார். உங்கள் மகனைப் பற்றியும் சொல்வார்கள், காதுகொடுத்துக் கேளுங்கள். உங்கள் பங்கில் மீதி அளவுக்குக் கடையில் வாங்கி, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கூடவே 'சாச்சா' என்று ஒன்றை நீட்டினால் அங்கேயே ஒரு வாய் குடித்து வைத்துவிடுங்கள். அது பிழிந்த சக்கையிலிருந்து காய்ச்சும் சாராயம். 24 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கடை பேக்கிங் இல்லாமல் விமானத்தில் ஏற்றக் கூடாது, 70ஐத் தாண்டினால் எப்படியும் கூடாது. வீட்டில் காய்ச்சியதன் அளவு யாருக்குத் தெரியும்?

அப்புறம், பாட்டில்கள் கையில் எடுத்துப்போகும் பையில் வேண்டாம், லக்கேஜில் போடுங்கள். விமானத்தின் அடித்தளத்திலும் காற்றழுத்தம் பயணிகள் பகுதியைப் போலத்தான் இருக்கும், வானத்தில் வெடிக்காது. உடைவதெல்லாம் பெட்டியைத் தூக்கி எறிவதில். ஒவ்வொரு பாட்டிலையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, லுங்கியில் சுற்றி, பெட்டியின் நட்டநடுவில், நாலு பக்கமும் துணி இருக்கும்படி வையுங்கள். வெள்ளை வேட்டியில் சுற்றாதீர்கள். அங்கே பேர்போன சபேராவி திராட்சைக்கு அந்தப் பெயரே சாயம் என்ற பொருளில் வந்தது. தோல் மட்டுமில்லை, சதையும் சிவப்பு. நண்பர் ஒருவரின் பெட்டியில் ஒரு பாட்டில் விரிசல் விட்டு, பட்டு வேட்டியின் மடிப்பு மடிப்பாக ஊதா இறங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எத்தனை சலவைக்கும் அது போகவில்லை.

சென்னையில் இறங்கித் திருச்சிக்குக் காரில் வருவதானால், வழியில் சாப்பிட இறங்கும்போது பெட்டியை வெயிலில் நிற்கும் டிக்கியில் விட்டுவிடாதீர்கள். சூடு ஏறினால் ஒயின் வெந்துவிடும். வீட்டில் கார்க் நனைந்திருக்கும்படி படுக்க வைத்து, பத்து நாள் விட்டுத் திறங்கள்.

எல்லாம் சரி, அந்த அம்மாவுக்கு நீங்கள் என்ன கொண்டுபோகிறீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. மணப்பாறை முறுக்கு இரண்டு டப்பாவும் உறையூர்க் கைத்தறிச் சேலை ஒன்றும் இன்றைக்கே எடுத்துவையுங்கள். சேலையை எப்படிக் கட்டுவது என்று உங்கள் மனைவி காட்டிக்கொடுக்கட்டும்.