விமானச் சத்தத்திலிருந்து ஊர்ச் சத்தத்தைக் கழிப்பது எப்படி? கேள்வி பதில்

டோங்காட் வாசகி: அண்ணா, டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் இறங்கும் விமானம் வீட்டுக்கு மேலே போகும்போது மீட்டர் 68 டெசிபல் காட்டுகிறது. விமானம் இல்லாதபோது ஊர்ச் சத்தம் 62. அப்படியானால் விமானத்தின் சத்தம் வெறும் 6 தானா?

இல்லையம்மா. ராண்ட் பணத்தைக் கழிப்பதுபோல டெசிபலைக் கழிக்க முடியாது. அது மடக்கை (லாகரிதம்) கணக்கு. இரண்டு எண்ணையும் 10-ஆல் வகுத்து, 10-இன் அடுக்காக ஏற்றி, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வருவதற்கு மடக்கை எடுத்து 10-ஆல் பெருக்கினால் 66.7. அதுதான் விமானம். ஊர்ச் சத்தம் 58 ஆக இருந்தால் விடை 67.5, அரை டெசிபல்தான் குறையும்.

அதே வாசகி: என்-2 நெடுஞ்சாலையில் லாரி அதிகமான நாளில் ஊர்ச் சத்தமே 65 வருகிறதே?

கணக்குப்படி விமானமும் 65. ஆனால் இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அந்த 65 ஒரு டெசிபல் தப்பாக இருந்தால் என்ன ஆகும் பாருங்கள்: உண்மையில் அது 64 என்றால் விமானம் 65.8, 66 என்றால் 63.7. இடைவெளி 3 டெசிபலுக்கு வந்துவிட்டால் நான் கணக்கே போட மாட்டேன், 'அளக்க முடியவில்லை' என்று எழுதிவிடுவேன். விமான நிலையத்தைச் சுற்றி ஆளில்லாமல் இயங்கும் அளவிகளுக்கான ஐஎஸ்ஓ 20906 தரம், பதிவாக வேண்டிய விமானங்களில் மிகக் குறைவாகச் சத்தம் போடுவதன் உச்சச் சத்தம்கூட ஊர்ச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. திருத்துவதைவிட மைக்கை நெடுஞ்சாலையை விட்டுத் தள்ளி வைப்பது மேல்.

வெருலம் வாசகர்: ஊர்ச் சத்தத்தை நடுராத்திரியில் அளந்து வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பகல் விமானத்துக்குப் பகல் ஊர்ச் சத்தம்தான். விமானம் வருவதற்குச் சற்று முன்பும், போன பிறகும், அதே மைக்கை அதே உயரத்தில் வைத்து எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையா, அந்த விமானத்தை விட்டுவிடுங்கள். கடல் இரைச்சல், சில்வண்டு போல ஒரே சீராக வருவதைத்தான் கழிக்க முடியும். விமானம் தலைக்கு மேலே இருக்கும்போது ஒரு ஹடீடா பறந்து கத்தினால் எந்தச் சூத்திரமும் உதவாது. அந்தப் பறவையால் நான் இழந்த அளவுகள் கொஞ்சநஞ்சமல்ல!

லெனேசியா மாணவர்: புதிய விமானத்துக்குச் சத்தச் சான்று கொடுக்கும்போதும் இதே முறைதானா?

அடிப்படை அதுதான் தம்பி, ஆனால் ஒரே எண்ணில் முடியாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் 16-ஆம் இணைப்பின்படி பெரிய ஜெட் விமானங்களுக்கு அரை விநாடிக்கு ஒருமுறை, 50 ஹெர்ட்ஸ் முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை 24 அதிர்வெண் பட்டைகளாகச் சத்தத்தைப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பட்டையிலும் தனித்தனியாகக் கழிக்கிறார்கள். காற்று உயர்ந்த சுருதியை அதிகமாக விழுங்குவதால், விமானம் தூரத்தில் இருக்கும்போது மேல் பட்டைகள்தான் முதலில் பின்னணியில் மூழ்கும். 3 டெசிபலுக்குள் நெருங்கிய பட்டையை 'மறைந்தது' என்று ஒதுக்கிவிட்டு, அதே பட்டை தெளிவாகக் கேட்ட நேரத்து அளவை எடுத்து, தூரமும் காற்றின் உறிஞ்சலும் கணக்கிட்டு நிரப்புகிறார்கள். ஆனால் கருவியின் சொந்த இரைச்சலை இப்படிக் கழிப்பதில்லை. எது மறைந்தது என்று தீர்மானிக்கத்தான் அது.

மேர்பேங்க் வாசகர்: செல்பேசிச் செயலி போதுமா?

முன்னைவிட அதிகமா குறைவா என்று பார்க்கப் போதும். புகார் மனுவோடு இணைக்கப் போதாது.

டோங்காட் வாசகி: கடைசியாக ஒன்று அண்ணா. அடுத்த வாரம் எங்கள் கோயிலில் காவடி. மேளம் அடிக்கும்போது அளக்கலாமா?

மீட்டரை உறையில் போட்டுவிட்டு காவடி பார்க்கப் போங்கள் அம்மா.