கால்வாய் அடைக்கிற நாள்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் ஒருவரின் பதில்

கேள்வி: அமெரிக்காவில் மீனுக்காக அணையிலிருந்து தண்ணீர் திறக்கிறார்களாமே, உண்மையா? நெல்லுக்கே போதாத தண்ணீரில் மீனுக்கும் பங்கு என்றால் விவசாயி எங்கே போவது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

உண்மைதான் அம்மா. உங்கள் ஆதங்கமும் எனக்குப் புரிகிறது. 32 வருஷம் கால்வாய்க் கரையில் வேலை பார்த்தவன் நான். மடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று இரவு பதினொரு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். ஆனால் மீனுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைவிட, எப்போது, எப்படி விடுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். இதை நான் கொலராடோவில் தெரிந்துகொண்டேன்.

என் மகள் இருப்பது அங்கே கிராண்ட் ஜங்ஷன் என்கிற ஊரில். பக்கத்து ஊர் பாலிசேட், பீச் பழத்துக்குப் பேர்போனது. கொலராடோ ஆற்றிலிருந்து பெரிய கால்வாய்கள் அங்கே பிரிகின்றன. அவை எடுத்தது போக, கன்னிசன் ஆறு வந்து சேரும் வரை 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர், கோடைக் கடைசியில் ஆறு மெலிந்துவிடும். கொலராடோ பைக்மின்னோ என்ற மீனுக்கு முக்கியமான இடம் அது. நம் கெண்டைக்குத் தூரத்துச் சொந்தம். ஆறடி வரை வளர்ந்ததாகப் பழைய பதிவுகள் உண்டு. முட்டையிடுவதற்காக முந்நூறு கிலோமீட்டர் கூட நீந்திப் போகும்.

இந்த மீன்களை 'உதவாத மீன்' என்று சொன்ன காலமும் அங்கே இருந்தது. கொலராடோ ஆற்றில் வந்து சேரும் கிரீன் ஆற்றில் ஃப்ளேமிங் கார்ஜ் அணை கட்டும்போது, தூண்டில்காரர்களுக்கு டிரவுட் மீன் விடுவதற்காக, 1962-இல் 700 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றில் விஷம் கலந்து இருந்த மீன்களைக் கொன்றார்கள். படித்தபோது எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் 1973-இல் அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டம் வந்தது. புதிதாகத் தண்ணீர் எடுக்கும் திட்டமெல்லாம் அதில் சிக்கியது. 1988-இல் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களும் மத்திய அரசும் ஒப்பந்தம் போட்டன: நான்கு மீன் இனங்களை மீட்க வேண்டும், நீர்த்திட்டங்களும் நடக்க வேண்டும்.

என்னை அசத்தியது கால்வாயில் செய்த வேலை. எந்தக் கால்வாயிலும் கடைசி மடைக்குத் தண்ணீர் ஏற வேண்டுமானால் மட்டம் நிற்க வேண்டும். மட்டம் நிற்பதற்காகவே தேவைக்கு மேல் விடுவோம், மிச்சம் வடிகாலில் போகும். நானே அப்படி எத்தனையோ முறை விட்டிருக்கிறேன். அங்கே கால்வாய்க்குக் குறுக்கே ஷட்டர்கள் வைத்து மட்டத்தைத் தூக்கிவிட்டார்கள். குறைந்த தண்ணீரிலேயே மடைகளுக்கு ஏறுகிறது. மிச்சமானதை மேலே கிரீன் மவுண்டன் அணையில் வைத்திருந்து, கோடைக் கடைசியில் அந்த 24 கிலோமீட்டருக்கு விடுகிறார்கள். வறண்ட ஆண்டிலும் நொடிக்கு 810 கன அடி ஓட வேண்டும் என்பது இலக்கு. மீனுக்கு விட்ட தண்ணீர் மீனோடு தீர்ந்துபோவதில்லை. கீழே இருப்பவர்களுக்கு அதே ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது.

ஃப்ளேமிங் கார்ஜ் அணையிலும் இப்போது வேறு கதை. முதுகில் கத்தி விளிம்பு போல மேடுள்ள ரேஸர்பேக் சக்கர் மீனின் குஞ்சுகள் கரையோரச் சதுப்புக் குட்டைகளுக்குப் போனால்தான் பிழைக்கும். ஆய்வாளர்கள் வெளிச்சப் பொறி வைத்துப் பார்ப்பார்கள். குஞ்சு தென்பட்டதும் அணையில் வெள்ளம் திறப்பார்கள், கரை வழிந்து குட்டைகள் நிறையும். 2012 முதல் இப்படிச் செய்து பார்க்கிறார்கள்.

கால்வாய்த் தலைப்பில் மீன் உள்ளே போகாமல் சல்லடையும் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கால்வாய் அடைக்கிற நாள் ஞாபகம் வந்தது. ஷட்டரை இறக்கிய மறுநாள் பள்ளங்களில் மீன் துள்ளும். ஊரே கூடையோடு இறங்கும். மூன்றாம் நாள் மிச்சமெல்லாம் நாறும். ஒருமுறை, தலைப்பில் வலைச் சட்டம் வைக்கலாமா என்று மேலே எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. ஹம்ப்பேக் சப் என்ற இனம் மட்டும் தேறி, 2021-இல் ஒரு படி குறைந்த ஆபத்துப் பட்டியலுக்கு மாறியது. பைக்மின்னோ இன்னும் தவிக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஸ்மால்மவுத் பாஸ் மீன்கள் அதன் குஞ்சுகளைத் தின்கின்றன. தண்ணீர் விட்டால் மட்டும் போதாது.

கேள்வி: நம் பக்கத்தில் அப்படி ஏதாவது மீன் உண்டா?
– அதே வாசகி

உண்டு. முதுகு திமில் போல எழும்பிய மஹசீர். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1946-இல் கபினியில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோவில் ஒன்று தூண்டிலில் சிக்கியது. 2018-இல் மிக அருகிய இனம் என்று பட்டியலிட்டார்கள். இங்கேயும் பண்ணையில் வளர்த்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. அணையும், மணல் அள்ளுவதும், வெடி வைத்துப் பிடிப்பதும் சேர்ந்துகொண்டன.

அது இன்னும் தப்பித்திருக்கும் ஒருசில இடங்களில் மோயாறு ஒன்று. மோயாறு பவானிசாகரில் சேர்கிறது. கொடிவேரியிலிருந்து உங்கள் தடப்பள்ளி வாய்க்காலுக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த மீன் நீந்திய தண்ணீர்தான்.