டர்போ எஞ்சினுக்கு ரிட்டர்ன் முறையில் பெட்ரோல் லைன் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பெரிய பம்ப் வாங்கியாயிற்று, ரிட்டர்ன் லைனை எப்படிப் போடுவது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். கையால் போட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன்.

ரிட்டர்ன் முறை என்றால் எஞ்சின் குடித்தது போக மீதிப் பெட்ரோல் டேங்குக்கே திரும்பும். பாதை எளிது: டேங்க், பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் ரெயில், ரெயிலின் மறுமுனையில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், அங்கிருந்து திரும்பவும் டேங்க். ரெகுலேட்டரை டர்போவின் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ரெகுலேட்டரின் தலையிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குக் காற்று போகும் வழி) போகும் மெல்லிய ரப்பர் குழாய்தான் இதற்கு உயிர். டர்போ காற்றழுத்தத்தை (பூஸ்ட்) 1 பார் ஏற்றினால் ரெயில் அழுத்தமும் 3 பாரிலிருந்து 4 பாருக்கு ஏறும். இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதே 3 பார். குழாய் கழன்றால் பூஸ்ட் நேரத்தில் பெட்ரோல் போதாமல் நாக் அடிக்கும் (பெட்ரோல் கலவை தானாக வெடித்துத் தட்டும்), பிஸ்டன் போய்விடும். அதனால் பூஸ்ட் மீட்டரோடு பங்கு போடாமல் தனியாக எடுத்து, இரு முனையிலும் கிளிப் போடுங்கள்.

போன வருடம் ஒரு கார் வந்தது. ரெகுலேட்டர் திருகை முழுவதும் தளர்த்தியும் அழுத்தம் 4 பாருக்குக் கீழே இறங்கவில்லை. ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று வேறொரு இடத்தில் புதிதும் மாற்றியிருந்தார்கள். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டோம். அழுத்த மீட்டரின் முள் சட்டென்று விழுந்தது. பெட்ரோல் ஆவிக்கான பழைய ஒல்லிக் குழாயையே ரிட்டர்னாக மாட்டியிருக்கிறார்கள்! மணிக்கு 255 லிட்டர் பம்ப் என்றால் ஐட்லில் (வண்டி நிற்கும்போது சும்மா ஓடுகையில்) எஞ்சின் குடிப்பது ஓரிரு லிட்டர்தான். மீதி எல்லாம் திரும்பி ஓட வழி வேண்டாமா? போக, வர இரண்டுக்குமே 3/8 அங்குலம் போடுங்கள். ஹோஸ் இன்ஜெக்ஷன் அழுத்தம் தாங்குவதாக இருக்கட்டும்.

டேங்குக்குள் ரிட்டர்ன் முனை பெட்ரோலில் மூழ்கி, பம்ப் உறிஞ்சும் இடத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் நுரைத்து, பம்ப் காற்றை இழுக்கும். இன்னொன்று, பம்ப் தட்டில் துளை போடும்போது பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவைக் கம்பியை வளைத்துவிடாதீர்கள். ஜொகூர் போக முக்கால் டேங்க் காட்ட வேண்டிய ஊர் இது. மீட்டர் தப்பாகக் காட்டினால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நீங்கள்தான் பதில் சொல்லணும்.

டர்போ பிறகு மாட்டியது என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள்.

எல்லாம் மாட்டியபின் எஞ்சினை ஓட்டாமல் பம்பை மட்டும் ஓட விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள், ஈரம் இருக்கக் கூடாது. பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். அப்புறம் ஐட்லில் மெல்லிய குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்து, 3 பாருக்குத் திருகை வையுங்கள். திரும்ப மாட்டினால், ஐட்லில் மேனிஃபோல்டு காற்றை உறிஞ்சுவதால், முள் இரண்டரை பார் பக்கம் இறங்கணும். இறங்காவிட்டால் ட்யூனுக்குக் கொண்டுபோகாதீர்கள்.