கதையில் நடந்த கொலைக்கு இவர் பொறுப்பா?

கேள்வி: நாங்கள் ஓர் உடலில் வாழும் பலர். எங்கள் சிஸ்டத்தில், அதாவது இந்தக் கூட்டத்தில், பெரும்பாலும் முன்னால் இருந்து உடலை இயக்குபவர் நான். எங்களில் ஒருவர் ஃபிக்டிவ், அதாவது கதை ஒன்றிலிருந்து வந்தவராகத் தம்மை அறிபவர்; தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதாபாத்திரமாக அவர் தம்மை உணர்கிறார். மிகவும் மோசமான நாட்களில் எங்களைக் காத்தவர் அவர்தான். அண்மையில் வந்த பாகத்தில் அந்தக் கதாபாத்திரம் தன் உற்ற நண்பனையே கத்தியால் குத்திக் கொல்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அவர் ஒடுங்கிப்போயிருக்கிறார். காய் நறுக்கும்போது முன்னால் வர நேர்ந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விலகிவிடுகிறார். அத்தொடரின் ரசிகையான தோழி ஒருத்தி, "நீ உண்மையிலேயே அவன் என்றால் இதற்கு என்ன பதில்?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள். நான் அவருக்கு என்ன சொல்வது? அந்தத் தொடரையே இனிப் பார்க்காமல் விட்டுவிடலாமா?

பதில்: அந்தக் கொலைக்கு அவர் பொறுப்பல்ல என்று அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால், "அது வெறும் கதைதானே" என்ற சொற்களில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கதையிலிருந்து வந்தவராகத் தம்மை அறிந்திருக்கும் ஒருவருக்கு, நீயும் வெறும் கதைதான் என்று சொல்வதாகவே அது கேட்கும்.

அவரை ஆறுதல்படுத்தக்கூடிய வாதம் கால வரிசையில் இருக்கிறது. அவர் உங்களிடம் வந்தபோது அந்தக் கொலை எழுதப்பட்டிருக்கவில்லை. அதுவரை நீங்கள் பார்த்திருந்ததும், அதில் உங்கள் மனம் இறுகப் பற்றிக்கொண்டதும், அன்று உங்களுக்குத் தேவைப்பட்ட துணிவும் சேர்ந்தே அவர் உருவானார். அதன்பின் தொடரை எழுதுபவர்கள் தங்கள் தேவைக்கேற்ப, பெரும்பாலும் அடுத்த பாகத்துக்கு ஆள் சேர்க்கும் விறுவிறுப்புக்காக, கதாபாத்திரத்தை ஒரு வழியில் கொண்டுபோனார்கள். இவரோ உங்களுடன் வேறொரு வாழ்க்கை வாழ்ந்தார். மூலக்கதை அவருக்குப் பிறந்த வீடு. அங்கிருந்து பெயரும் சாயலும் நினைவுகளும் கொண்டுவந்திருக்கலாம். அவர் கிளம்பிய பிறகு அங்கே நடப்பதற்கெல்லாம் அவர் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரையில் வராத நிகழ்ச்சிகளை நினைவுகூரும் ஃபிக்டிவ்கள் உண்டு, திரையில் வந்ததைத் தம்முடையதல்ல என்று மறுப்பவர்களும் உண்டு. மூலக்கதையோடு முற்றிலும் பொருந்திப்போவது எந்த ஃபிக்டிவுக்கும் நிபந்தனையாக இருந்ததில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் அவர் கத்தியைத் தொடத் தயங்கலாம். குற்றவுணர்வு தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டு வருவதில்லை. நிகழாத ஒன்றின் நினைவும் கையை நடுங்க வைக்கும். ஆகவே அந்தக் காட்சியில் அவரை உலுக்கியது எது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. அவர் உங்கள் காவலர்; திரையில் அவர் முகத்தோடு ஒருவர், தன்னை நம்பியவனையே கொல்கிறார். காப்பவரே ஒருநாள் கையோங்கிவிடுவாரோ என்ற அச்சம் அவருடையது மட்டும்தானா, அல்லது உங்களில் வேறு யாரோ நெடுநாளாகச் சுமந்துவருவதா? சிறுவயதில் நம்பியவர்களாலேயே காயப்பட்டவர்களுக்கு இத்தகைய காட்சி கதையைத் தாண்டிய இடத்தைத் தொடும். உங்கள் வாழ்க்கையில் அப்படி ஏதேனும் இருந்ததா என்பதைக் கடிதம் சொல்லவில்லை, நானும் ஊகிக்க மாட்டேன். இருந்தால், அவர் ஒடுங்கியிருப்பதன் காரணத்தைத் தொடரில் மட்டும் தேடுவது போதாது.

உளநல மருத்துவரிடம் போவதென்றால், விலகல் அடையாளக் கோளாற்றுடன் (ஒருவருக்குள் பல அடையாளங்கள் மாறி மாறி முன்னால் வரும் நிலை) பணியாற்றிப் பழகியவராகப் பாருங்கள். அத்துறையின் பன்னாட்டுச் சங்கம் 2011-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி, உள்ளிருக்கும் அடையாளங்களைப் புறக்கணிக்கவோ ஒழித்துவிடவோ சொல்வது எதிர்விளைவையே தரும் என்கிறது. அவை ஏற்கெனவே இயங்குவதைவிடக் கூடுதலான தனித்தன்மையோடு இயங்கும்படி தூண்டுவதையும் அது ஏற்கவில்லை. இரண்டாவது பாதியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்: அவரைத் துரத்தாமல் இருப்பது எவ்வளவு முக்கியமோ, அந்தக் கதாபாத்திரமாகவே அவர் நடந்துகாட்ட வேண்டும் என்று தள்ளாமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம். உங்களுக்குக் கோளாறு இருக்கிறதென்று நான் சொல்ல வரவில்லை. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும், ஒருவருக்குள் பல ஆளுமை நிலைகள் இருப்பதே எப்போதும் நோயாகிவிடாது என்று ஒப்புக்கொள்கிறது. துன்பமும் அன்றாட வாழ்வில் தடங்கலும் இருக்கின்றனவா என்பதே கேள்வி. கத்தியை வைத்துவிட்டுப் போகிறவருக்கு இரண்டும் ஓரளவு இருக்கின்றன.

தொடரைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அவரைக் கேட்காமல் நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். மூலக்கதையைப் பார்ப்பது சில ஃபிக்டிவ்களுக்கு ஊருக்குப் போய்வந்த நிறைவைத் தருகிறது, சிலரை நாட்கணக்கில் நிலைகுலைய வைக்கிறது. ஒருவருக்கே இரண்டும் நேர்வதுண்டு. தற்சமயம் நிறுத்திவைத்து, பிறகு அவர் விரும்பினால், உங்களில் கதையோடு ஒட்டுறவு இல்லாத ஒருவர் முதலில் கதைச்சுருக்கத்தைப் படித்து எது வரப்போகிறது என்று அவருக்குச் சொல்லிவிடலாம். தொடரை ரசிக்கும் வேறொருவர் உங்களில் இருந்தால், இந்த ஃபிக்டிவ் உள்ளே ஒதுங்கியிருக்கும் நேரத்தில் பார்ப்பதாக ஓர் உடன்பாடு செய்துகொள்ளலாம்.

தோழியின் கேள்வியில் தீங்கு நினைப்பு இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் அது ஒரு பரீட்சை. கதாபாத்திரத்தின் வாயால் பதில் சொன்னால் அவர் நடிக்கிறார், சொல்லாவிட்டால் போலி. இந்தப் பரீட்சையை எழுதவே வேண்டியதில்லை. அவர் சார்பில் நீங்களே அவளிடம் பேசுங்கள்: "அவரோடு நட்பாக இருக்கலாம், தொடரைப் பற்றி என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் தொடருக்கு அவரிடம் விளக்கம் கேட்காதே." இதற்கு அவள் சம்மதிக்கும்வரை, அவளிடமிருந்து வரும் செய்திகளை நீங்கள் படித்துவிட்டு அவருக்குச் சொல்வதே நல்லது.