ரூபிடியம் ஆவி, லேசர், ஃபெம்டோடெஸ்லா: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: குப்பியில் அடைத்த ஆவியை வைத்துக் காந்தப்புலத்தை அளக்கிறார்களாமே, ஆவிக்கும் காந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். ரூபிடியம் அணுவின் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான். அதற்கு ஸ்பின் (தற்சுழற்சி போன்ற ஒரு குணம்) உண்டு, ஆகவே அது ஒரு குட்டிக் காந்தம். சும்மா விட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் கிடக்கும். 795 நானோமீட்டர் லேசர் ஒளியை வட்ட முனைவாக்கி (அதன் மின்புலம் திருகுபோலச் சுழலும்படி செய்து) உள்ளே விட்டால், ஒளியை உறிஞ்சி உறிஞ்சிப் பெரும்பாலானவை ஒரே பக்கம் திரும்பிவிடும். திரும்பிய அணு அப்புறம் அந்த ஒளியைத் தொடாது, குப்பி தெளிந்து மறுபக்கத்தில் ஒளியை அளக்கும் ஃபோட்டோடையோடில் வெளிச்சம் ஏறும். இந்த வழியைத் திறந்த பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்ட்லருக்கு 1966இல் நோபல் கிடைத்தது. இப்போது குறுக்கே ஒரு காந்தப்புலம் வந்தால் ஸ்பின்கள் பம்பரம் தலையாட்டுவது போல அதைச் சுற்றத் தொடங்கும், வெளிச்சமும் கூடவே மாறும். ரூபிடியம்-87க்கு ஒரு நானோடெஸ்லாவுக்கு (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு, நானோ அதில் நூறு கோடியில் ஒரு பங்கு) வினாடிக்குச் சுமார் 7 சுற்று, அதாவது 7 ஹெர்ட்ஸ். 50 மைக்ரோடெஸ்லா (50,000 நானோடெஸ்லா) புவிப்புலத்தில் 3,50,000 ஹெர்ட்ஸ். அதிர்வெண்ணை எண்ணுவது நமக்குக் கைவந்த கலை, அதனால்தான் இந்த முறை இவ்வளவு துல்லியம்.

கேள்வி: செல்போன் சென்சாரில் இதயத்தின் காந்தப்புலம் தெரியுமா?

தெரியாது. போனின் இரைச்சலே நானோடெஸ்லாக் கணக்கில், இதயம் தருவது சில பத்து பிகோடெஸ்லா (பிகோ என்பது நானோவில் ஆயிரத்தில் ஒன்று).

கேள்வி: குப்பியை ஏன் 150 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள்? 39 டிகிரியிலேயே ரூபிடியம் உருகிவிடுமே?

உருகினால் போதாது, ஆவி அடர்த்தியாக வேண்டும். அணுக்கள் மோதும்போது ஸ்பின்னை மாற்றிக்கொண்டு சிக்னலைக் குலைக்கும். ஆனால் புலம் மிகக் குறைவாக இருந்து, ஒரு சுற்று முடிவதற்குள் ஏகப்பட்ட மோதல்கள் நடந்தால் அந்தக் குலைச்சலே அடங்கிவிடும். இதுதான் செர்ஃப் (SERF) நிலை, அதாவது ஸ்பின் பரிமாற்றத்தால் குலையாத நிலை. 2003இல் பிரின்ஸ்டனில் ரொமாலிஸ் குழு பொட்டாசியத்தை வைத்து 0.54 ஃபெம்டோடெஸ்லா (ஃபெம்டோ என்பது பிகோவில் ஆயிரத்தில் ஒன்று) வரை இறங்கியது இப்படித்தான். ஒரு நிபந்தனை: புலம் சில பத்து நானோடெஸ்லாவைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, ஹீட்டரில் ஓடும் மின்சாரமும் காந்தப்புலத்தை உண்டாக்கும். கம்பிகளை முறுக்கி விடுங்கள், பல கிலோஹெர்ட்ஸில் ஓட்டுங்கள்.

கேள்வி: ஸ்குவிட் (மீக்கடத்திக் காந்தமானி) பல காலமாக மூளையின் காந்தப்புலத்தை அளக்கிறதே. உங்கள் ஆவி சென்சாரின் பட்டை அகலம் (எவ்வளவு வேகமான மாற்றம் வரை பிடிக்கும் என்பது) நூற்றுச் சொச்சம் ஹெர்ட்ஸ்தான். எதற்கு இவ்வளவு ஆரவாரம்?

பட்டை அகலத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் தூரத்தை விட்டுவிட்டீர்கள். ஸ்குவிட் திரவ ஹீலியத்தில் 4 கெல்வினில் உட்கார்ந்திருக்கிறது, இடையில் வெற்றிடச் சுவர், ஆகவே மண்டையிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளித்தான் வைக்க முடியும். ஆவி சென்சாரைத் தோலோடு ஒட்டியே வைக்கலாம், மூளையின் சிக்னலோ தூரம் கூடக்கூட விறுவிறுவென்று விழும்.

கேள்வி (அவரே): அப்படியானால் ஸ்குவிட் செத்துவிட்டதா?

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? 2018இல் லண்டன், நாட்டிங்ஹாம் குழுக்கள் தலையில் மாட்டிக்கொண்டே அசையக்கூடிய ஆவி சென்சார் கருவியைக் காட்டின, உண்மை. ஆனால் வெளிப்புலத்தைத் தடுக்கும் காப்பறைக்குள் எஞ்சிய புலத்தில் தலையை அசைத்தாலே சென்சார் திணறிவிடும், அதை நசுக்கத் தனிச் சுருள்கள் வைத்தார்கள். ஒரே இடத்தில் அசையாமல் இருப்பவருக்கு ஸ்குவிட் இன்னும் நம்பகமானது. சண்டையை இத்தோடு விடுங்கள், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மியூ-மெட்டல் (காந்தப்புலத்தை வழிமாற்றிவிடும் நிக்கல்-இரும்புக் கலவை) காப்பு போட்டும் இரைச்சல் குறையவில்லை.

திருகாணி. துருப்பிடிக்காத எஃகு என்று நம்பி முடுக்கியிருப்பீர்கள், அதில் பல லேசாகக் காந்தமாகும். பித்தளை அல்லது பிளாஸ்டிக் போடுங்கள். காப்பைத் தட்டினீர்களா, கீழே போட்டீர்களா? வளைந்தால் குணம் போய்விடும். டீகாஸ் செய்து (தங்கிப்போன காந்தத்தன்மையை நீக்கி) பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் காப்பு உலோகத்தின் வெப்ப மின்னோட்ட இரைச்சலாக இருக்கலாம், உள்ளடுக்கை மின்சாரத்தை எளிதில் கடத்தாத ஃபெரைட்டாக மாற்றினால் குறையும்.

கேள்வி: ஏன் சூடாக்க வேண்டும்?

மேலே படியுங்கள்.

கேள்வி: தங்கம் தேடலாமா?

தங்கத்தில் காந்தம் இல்லை. கூடவே மேக்னடைட் (காந்த இரும்புத்தாது) இருந்தால் அது தெரியும்.

கேள்வி: வெட்டவெளியில் ஆய்வு செய்ய எடுத்துப்போக செர்ஃப் சென்சார் வாங்கலாமா?

வேண்டாம், புவிப்புலத்தில் அது குருடு. சீசியம் அல்லது பொட்டாசியம் மொத்தப்புலமானி (திசையை விட்டுப் புலத்தின் மொத்த வலிமையை அளக்கும் கருவி) வாங்குங்கள். கருவியைப் புலத்துக்கு எந்தக் கோணத்தில் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அளவு மாறும், சில கோணங்களில் சிக்னலே போய்விடும், கையேட்டில் அந்தக் கோணங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாக்கெட்டில் சாவியை வைத்துக்கொண்டு அளக்காதீர்கள்.